காலால் உதைக்காத கால்பந்து

கொலம்பஸ், ஒஹாயோ
2.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் ‘சாப்பிட்டியா, குளிருதா’ என்று கேட்பதற்குள் நேரம் போய்விடுகிறது, உட்கார்ந்து ஒரு கடிதம் எழுது என்று பொங்கலன்று சொன்னீர்கள். பொங்கல் முடிந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கப் போட்டுவிட்டு எழுதுகிறேன். குளிருகிறது. சாப்பிட்டேன்.

செப்டம்பரில் நான் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? “கால்பந்து என்கிறாய். ஒருத்தனும் பந்தைக் காலால் உதைக்கக் காணோமே?” அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இப்போது தெரியும். ஆனால் சுருக்கமாகச் சொல்ல முடியாது, முழுக் கதையையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஆட்டம். இது அமெரிக்கக் கால்பந்து. பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூராக்கின தேங்காய் மாதிரி இருக்கும். பக்கத்துக்குப் பதினோரு பேர். நூறு கெஜ மைதானம். பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து கைமாறிவிடும். பந்தோடு ஓடுகிறவனை மற்றவர்கள் பாய்ந்து அமுக்குவார்கள். உங்களுக்கு இது ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். கபடியில் பாடிப் போகிறவனை ஏழு பேர் சேர்ந்து மடக்குவது இருக்கிறதே, அதேதான். அங்கே மூச்சு முட்டப் பாட வேண்டும், இங்கே ஐந்தாறு விநாடி ஓடிவிட்டு அரை நிமிடம் நின்று பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் ஒரு மணி நேர ஆட்டம் மூன்றரை மணி நேரம் இழுக்கிறது. எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஆறு பாயின்ட், அதற்குப் பெயர் டச் டவுன். அப்புறம் ஒரு சின்ன உதை, அது இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் இன்னொரு பாயின்ட். கோடு வரை போக முடியாது என்று தெரிந்தால், தூரத்திலிருந்தே அந்தக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயின்ட் எடுக்கலாம். அதற்கென்று ஒருவன் தனியாக இருக்கிறான், கிக்கர். ஆட்டம் முழுக்க ஓரமாக நிற்பான். கூப்பிட்டால் வந்து ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்பப் போய்விடுவான். நீங்கள் கேட்ட கால் அவனுடையது. அவனைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படிக்கிற ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணிக்கு பக்கை என்று பெயர். பக்கை ஒரு மரம். அதன் காய்க்குள் பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஒரு கொட்டை, அதில் மான் கண் போல ஒரு வெளிறிய வட்டம். சாப்பிட முடியாது, விஷம். ஆனால் சட்டைப் பையில் வைத்திருந்தால் ராசி என்கிறார்கள். அதே வடிவத்தில் கடலை வெண்ணெயை உருட்டி சாக்லேட்டில் பாதி முக்கி ஒரு இனிப்பும் செய்கிறார்கள். அம்மாவின் கடலை உருண்டைக்குப் பக்கத்தில் நிற்காது.

நான் வேலை பார்க்கும் மெஸ்ஸில் என்னோடு பாத்திரம் கழுவுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். உங்களைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவர் பையில் அப்படி ஒரு கொட்டை, தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கிறது. 1968இல் ஒஹாயோ பக்கத்து மாநிலத்து மிச்சிகன் அணியை 50-14 என்று அடித்தபோது அவருக்கு எட்டு வயதாம், அவருடைய அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாராம். இங்கே எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். தட்டுகளை எதிரெதிராக அடுக்கி வைத்து, சோப்பு நுரையில் கோடு கிழித்துப் பாடம் நடத்துவார்.

ஆகஸ்ட் 31ஆம் தேதி சீசன் தொடங்கியது. முதல் மூன்று ஆட்டமும் இளைத்தவர்களோடு: 52-6, 56-0, 49-14. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் ஊர் அப்போதே திருவிழாக் கோலம் பூண்டுவிட்டது. சனிக்கிழமை விடிந்ததும் நாலா பக்கத்திலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறார்கள். கார் டிக்கியைத் திறந்து, அடுப்பு வைத்து, கறி சுட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். டிக்கெட் இல்லாதவர்களும் வருகிறார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு பக்கமிருந்து யாராவது “ஓ-ஹெச்” என்று கத்தினால், முன்பின் தெரியாத எவரோ எதிர்ப்பக்கத்திலிருந்து “ஐ-ஓ” என்று பதில் கொடுக்க வேண்டும். சேர்த்தால் ஆங்கிலத்தில் ஒஹாயோ. இது ஊர்ச் சட்டம். ஒரு தடவை காய்கறிக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி என்னைப் பார்த்து “ஓ-ஹெச்” என்றார். கையில் இருந்த வெங்காயத்தோடு பதில் சொன்னேன்.

ஸ்டேடியம் 1922இல் திறந்தது. குதிரை லாட வடிவம். ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்கும் மேல் ஆள் கொள்ளும். கல்லூரிப் பையன்கள் விளையாடுவதைப் பார்க்க, அப்பா! சம்பளம் பற்றிக் கேட்டால் இன்னும் மலைத்துப்போவீர்கள். கோச் ரயன் டேக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர். பையன்களுக்கு முன்பெல்லாம் படிப்புச் செலவு மட்டும்தான். 2021இலிருந்து அவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். இந்த அணிக்கு மட்டும் அப்படி இரண்டு கோடி டாலர் போயிருக்கிறது என்று விளையாட்டுத் துறைத் தலைவரே சொல்லியிருக்கிறார். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவன், வில் ஹோவர்ட் 2023 வரை கன்சாஸில் வேறொரு கல்லூரி, ஓட்டக்காரன் ஜட்கின்ஸ் மிசிசிப்பியில் வேறொரு கல்லூரி. இவ்வளவு கொட்டியும் ஜெயிக்கவில்லையென்றால் என்ன என்பதுதான் ஆகஸ்டிலிருந்தே ஊர்ப் பேச்சு. மாவட்டக் கபடியில் ஜெயித்து நீங்கள் தூக்கிவந்த எவர்சில்வர் குடத்தை நினைத்துக்கொண்டேன். இன்னும் அதில்தானே குடிதண்ணீர்?

அக்டோபர் 12ஆம் தேதி ஒரெகனுக்குப் போய் 32-31 என்று தோற்றார்கள். ஒரே ஒரு பாயின்ட். கடைசியில் ஹோவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி உட்கார்ந்தபோது கடிகாரத்தில் பூஜ்யம். இன்னும் ஒரு விநாடி இருந்திருந்தால் நம் கிக்கரைக் கூப்பிட்டிருப்பார்கள். பெரியவர் திங்கட்கிழமை வந்து, “இதெல்லாம் தோல்வியே இல்லை” என்றார். அப்படியானால் எதுதான் தோல்வி என்று கேட்டேன். “நவம்பர் கடைசியில் தெரியும்.”

நவம்பர் 23ஆம் தேதி இந்தியானாவோடு ஆட்டம். பெரியவர் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்க முடியாது என்று அவர் டிக்கெட்டை எனக்குக் கொடுத்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அத்தனை பேர் ஒரே நிறத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை. பிறகு பேண்டு வந்தது. முழுக்கப் பித்தளை வாத்தியமும் மேளமும்தான். நூற்றுக்கணக்கானவர்கள் வரிசை பிசகாமல் வளைந்து வளைந்து நடந்து, மைதானத்தில் ‘ஒஹாயோ’ என்று ஆங்கிலக் கையெழுத்தில் எழுதுகிறார்கள். 1936இலிருந்து நடக்கிறதாம். எழுதி முடித்ததும் ‘ஐ’ எழுத்துக்குப் புள்ளி வைக்க ஒருவன் மட்டும் தனியாக வருகிறான், உடம்பையே சுற்றிக்கொண்டிருக்கும் பெரிய குழலோடு, காலை எட்டி எட்டி வைத்து. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் நின்று குழலோடு தரை வரை குனிந்து வணங்குகிறான். ஒரு லட்சம் பேர் அந்தப் புள்ளிக்காகக் கத்தினார்கள். பக்கத்தில் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எத்தனையாவது தடவையோ தெரியவில்லை.

இந்தியானா அதுவரை பத்துக்குப் பத்து ஜெயித்து வந்த அணி. முதல் டச் டவுனும் அவர்களுடையதுதான். மூன்றாவது பகுதியில் அவர்கள் வேறு வழியில்லாமல் பந்தை நீளமாக உதைத்து இந்தப் பக்கம் அனுப்பினார்கள். கேலப் டவுன்ஸ் அதைப் பிடித்து, நடுவில் ஒரு சந்து கிடைத்ததும் 79 கெஜம் ஓடிப் போய்க் கோட்டைத் தாண்டினான். கான்கிரீட் படிக்கட்டு அதிர்ந்ததைக் காலில் உணர்ந்தேன். 38-15. அன்றைக்குத் தொண்டை கட்டிப் போய்த்தான் அம்மாவோடு சரியாகப் பேச முடியவில்லை. சளி என்று பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் மிச்சிகன்.

அப்பா, இது சாதாரண விளையாட்டுப் போட்டி இல்லை, வரப்புத் தகராறு. ஒஹாயோவுக்கு வடக்கே மிச்சிகன். 1835இல் எல்லையில் இருக்கும் டொலீடோ ஊர் யாருக்கு என்று ஒஹாயோவும், அப்போது இன்னும் மாநிலமாகாத மிச்சிகனும் படை திரட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பெரிதாக ரத்தம் சிந்தவில்லை. கடைசியில் டொலீடோ ஒஹாயோவுக்குப் போயிற்று. மிச்சிகனுக்கு ஈடாக வடக்கே ஒரு பெரிய காட்டுப் பகுதியைக் கொடுத்தார்கள். அப்புறம் பார்த்தால் அந்தக் காட்டுக்கு அடியில் செம்பும் இரும்பும்! பங்காளிகளுக்குள் பாகம் பிரித்த கதை எந்த ஊரில்தான் நேராக முடிந்திருக்கிறது?

அந்த ஒரு வாரம் இங்கே யாரும் மிச்சிகன் என்று வாயால் சொல்வதில்லை. ‘வடக்கே இருக்கிற அந்த அணி’ என்றுதான் பேச்சு. கல்லூரி முழுக்கப் பலகைகளில் அந்தப் பெயரின் முதல் எழுத்து எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சிவப்பு டேப்பால் குறுக்கே பெருக்கல் குறி. நான் படிக்கிற மெக்கானிக்கல் துறையின் பெயரிலும் முதல் எழுத்து போய்விட்டது. முதலில் சிரித்தேன். மூன்றாவது நாள் என் நோட்டிலேயே அடித்து வைத்திருந்தேன்.

நவம்பர் 30. நன்றி நவிலும் நாள் விடுமுறை. பெரியவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மிச்சிகனுக்கு அந்த வருடம் சரியில்லை, அதற்குள் ஐந்து ஆட்டம் தோற்றிருந்தார்கள். ஒஹாயோ இருபது பாயின்ட்டில் ஜெயிக்கும் என்று எல்லாரும் கணக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை ஹோவர்ட் எறிந்த பந்து எதிராளி கைக்குப் போயிற்று. இரண்டு தடவை நம் கிக்கரைக் கூப்பிட்டார்கள். ஜேடன் ஃபீல்டிங் என்று பெயர். அதிக தூரம்கூட இல்லை. இரண்டுமே கம்பத்துக்கு வெளியே போயின. கடைசியில் 45 விநாடி இருக்கும்போது மிச்சிகன் பையன் 21 கெஜத்திலிருந்து உதைத்தது நடுவே போயிற்று. 13-10. இதோடு தொடர்ந்து நான்காவது தடவை மிச்சிகனிடம் தோல்வி.

ஆட்டம் முடிந்ததும் மிச்சிகன் பையன்கள் தங்கள் கொடியை நம் மைதானத்து நடுவில் நாட்டப் போனார்கள். கைகலப்பு. ஜாக் சாயர் என்று இந்த ஊர்ப் பையன், பக்கத்துப் பிக்கரிங்டன்காரன், கொடியைப் பிடுங்கி எறிந்தான். போலீஸ் மிளகுப் பொடி ஸ்ப்ரே அடித்தது. பிறகு இரண்டு கல்லூரிக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். பெரியவர் டிவியை அணைத்துவிட்டு வெளியே போய்க் குளிரில் நின்றார். அவர் வீட்டம்மா எனக்குப் பூசணிப் பணியாரம் மாதிரி ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார். துக்க வீட்டிலிருந்து வருகிற மாதிரி சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்.

அடுத்த நாளிலிருந்து கோச்சைத் துரத்து என்று ஒரே கூச்சல். பத்து ஜெயித்து இரண்டு தோற்றவர், அந்த இரண்டையும் கூட்டினாலே நாலு பாயின்ட்தான். எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பெரியவரிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை.

இவ்வளவோடு சீசன் முடிந்திருக்க வேண்டும். இத்தனை வருடமாகத் தேசியக் கோப்பைக்கான கடைசிச் சுற்றுக்கு நான்கு அணிகளைத்தான் சேர்ப்பார்கள். இந்த வருடம்தான் முதல் தடவையாகப் பன்னிரண்டு. அதில் ஒஹாயோவுக்கு எட்டாவது இடம் கொடுத்தார்கள். பின்வாசல் வழி என்று பெரியவரே சொன்னார்.

டிசம்பர் 21, டென்னசியோடு, இங்கேயே, ராத்திரியில். பரீட்சை முடிந்து பையன்கள் ஊருக்குப் போய்விட்டதால் நிறைய டிக்கெட் கைமாறி, ஸ்டேடியத்தில் டென்னசிக்காரர்களின் ஆரஞ்சு நிறம் திட்டுத் திட்டாக இருந்தது. நான் அறையில் போர்வைக்குள் போனில் பார்த்தேன். என் அறையிலிருந்து ஸ்டேடியம் நடக்கிற தூரம். போனில் படம் அரை நிமிடம் தாமதமாக வருகிறது. அதனால் ஜன்னல் வழியாகக் கர்ஜனை முதலில் கேட்கும், அப்புறம்தான் போனில் பந்து கிளம்பும். என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், எப்படி என்றுதான் தெரியாது. முதல் பகுதியிலேயே மூன்று தடவை ஜன்னல் அதிர்ந்தது. 42-17.

புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவில், அதுவரை ஒரு ஆட்டமும் தோற்காத ஒரெகன். ஒரு பாயின்ட்டில் நம்மைத் தோற்கடித்தார்களே, அவர்கள்தான். அவர்கள் ஒரு பாயின்ட் எடுப்பதற்குள் நம் பையன்கள் 34 எடுத்துவிட்டார்கள். 41-21. ஜெரமையா ஸ்மித் என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, முதல் வருட மாணவன். பந்து அவனைத் தேடி வருகிறதா, அவன் பந்தைத் தேடிப் போகிறானா என்று தெரியாது.

டெக்சாஸ் ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஜனவரி 10. 21-14 என்று முன்னால் இருக்கிறோம், மூன்று நிமிடம்கூடப் பாக்கி இல்லை, டெக்சாஸ் நம் கோட்டுக்கு ஒரு கெஜத்தில் நிற்கிறது. நான்கு வாய்ப்பு. ஒரு வாய்ப்பில் பக்கவாட்டில் ஓடப் பார்த்தவனைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டார்கள். நான்காவது வாய்ப்பு. டெக்சாஸ் குவார்ட்டர்பேக் ஈவர்ஸ் எறியக் கையை ஓங்கும்போது, கொடியைப் பிடுங்கினானே சாயர், அவன் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டு, தானே எடுத்துக்கொண்டு 83 கெஜம் ஓடினான். குண்டு உடம்பு, நாக்குத் தள்ள ஓடினான். நீங்கள் பார்த்திருந்தால் எழுந்து நின்றிருப்பீர்கள். இதில் இன்னொன்று: ஈவர்ஸ் 2021இல் இங்கேதான் படித்தான். அப்போது சாயரும் அவனும் ஒரே அறை.

ஜனவரி 20, அட்லான்டாவில் இறுதி ஆட்டம். நோட்ர டேமோடு. அவர்களுடைய கோச் மார்கஸ் ஃப்ரீமன் நம் கல்லூரியில் ஆடியவர். முதலில் பந்தை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் போல் கொடுக்கவே இல்லை, கெஜம் கெஜமாக நகர்ந்து டச் டவுன் எடுத்தார்கள். அப்புறம் நம் முறை வர, 31-7 ஆயிற்று. முடிந்தது என்று நாங்கள் நால்வர் அறையில் நூடுல்ஸ் போட எழுந்தோம். திரும்பி வந்து பார்த்தால் 31-23. மூன்றாவது வாய்ப்பு, பதினோரு கெஜம் வேண்டும். கிடைக்காவிட்டால் அவர்களிடம் பந்து போய்விடும். ஹோவர்ட் ஓடாமல் ஒளியாமல் தூக்கி எறிந்தான். ஸ்மித் 56 கெஜத்தில் பிடித்தான்.

அப்போதுதான் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த கிக்கரைக் கூப்பிட்டார்கள். மிச்சிகனிடம் இரண்டையும் கோட்டைவிட்ட அதே ஃபீல்டிங். 33 கெஜம். ஆட்டம் முடிய 26 விநாடி. இது போனால் இனி நோட்ர டேம் எட்டிப் பிடிக்க முடியாது. என் நண்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பார்த்தேன். காலால்தான் உதைத்தான், அப்பா. நேராக நடுவே போயிற்று. 34-23.

ஹை ஸ்ட்ரீட்டில் கூட்டமான கூட்டம். பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர். நீங்கள் கொடுத்துவிட்ட குரங்குக் குல்லாயைப் போட்டுக்கொண்டு போய், யார் யாரையோ கட்டிப்பிடித்துவிட்டு வந்தேன். காது இன்னும் லேசாக எரிகிறது, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். போன ஞாயிறு ஸ்டேடியத்தில் கோப்பையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதே கோச்தான், அதே ஊர்தான், இப்போது கைதட்டல்.

கொண்டாட்டம் முடிந்த மறுநாள் மெஸ்ஸில் பெரியவரிடம், “இப்போது சந்தோஷமா?” என்று கேட்டேன். பத்து வருடத்துக்குப் பிறகு வந்த கோப்பை, சந்தோஷம்தான் என்றார். ஒரு தட்டைக் கழுவிவிட்டு, “சாயர் பாவம்” என்றார். எனக்குப் புரியவில்லை. அந்தப் பையன் நாலு வருடம் இங்கே ஆடினான், கோப்பையும் வாங்கிவிட்டான், ஆனால் அந்த வடக்குக்காரர்களை ஒரு தடவைகூட ஜெயிக்காமலேயே போகிறான் என்றார். அப்புறம், வருகிற நவம்பர் 29ஆம் தேதி சனிக்கிழமை ஷிஃப்ட் எடுக்காதே, வீட்டுக்கு வந்துவிடு என்றார். அந்த ஆட்டம் இந்தத் தடவை அவர்கள் ஊரில். இன்னும் பத்து மாதம் இருக்கிறது. சரி என்று காலண்டரில் குறித்துவிட்டேன்.

துணி காய்ந்திருக்கும், போகிறேன். இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தெருவில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்பினால் போதும், பார்சலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். உங்கள் முழங்காலுக்கு டாக்டரிடம் போனீர்களா என்று எழுதுங்கள். போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள்.

அன்பு மகன்